கோட்டில் நிற்காத கத்தரி

வகுப்புக் கதவில் ஒட்டுவதற்கு ஆளுக்கொரு காகிதப் பொம்மை, அவரவர் முகத்தோடு. பெரிய தலை, சின்ன உடம்பு, பார்த்தால் சிரிப்பு வர வேண்டும். அவளுக்கு இதெல்லாம் கைவந்த வேலை. போன வருடம் பாதி வகுப்புக்கு அவள்தான் வெட்டிக் கொடுத்தாள். வரைந்து முடித்தபோது, ஒற்றைப் பின்னலும் தூக்கிய புருவமுமாக அச்சு அசல் அவளேதான். வெட்டும்போதுதான் வந்தது வினை.

மூன்று பொம்மை வீணாயிற்று. முதலில் விரல்கள் போயின, அடுத்து கழுத்து. மூன்றாவதில் கத்தரி கோட்டை விட்டுத் துள்ளிக் கன்னத்துக்குள் பாய்ந்தது. நான்காவதைத் தொடத் துணிவில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நேரம் கழித்து வேலையிலிருந்து வந்த அண்ணன், சமையலறை விளக்கு எரிவதைக் கண்டு எட்டிப் பார்த்தான்.

"இன்னும் தூங்கலையா குரங்கே? யாரு இது, நீயா? மூக்கை ரொம்பக் கஞ்சத்தனமா வரைஞ்சிருக்கே."

மற்ற நாளாக இருந்தால் வாய்க்கு வாய் பேசியிருப்பாள். இப்போது காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"அண்ணா, அம்மாவுக்கு முதல்ல எப்படி ஆரம்பிச்சுது?"

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. உள்ளறையில் அம்மா படுத்திருந்தாள். கை துள்ளித் துள்ளி, ஸ்பூன் வாய் வரைக்கும் போய்ச் சேராமல் ரொம்ப நாளாயிற்று; அப்பாதான் ஊட்டுகிறார். பிள்ளைகளுக்கும் வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று இருவருமே கேட்டிருந்தார்கள்.

"எதுக்குடி இப்ப அதெல்லாம்?"

"என் கை நான் சொல்றதக் கேக்க மாட்டேங்குது. தானா துள்ளுது. அப்பாகிட்ட சொல்லிடாதே, தாங்க மாட்டாரு."

"லூசு. கத்தரி மொக்கை, அவ்வளவுதான். இங்க குடு, காட்டுறேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கத்தரி கரகரவென்று போனது. பின்னலைச் சுற்றிக்கொண்டு தோளில் இறங்கியது. விரல் இடுக்கில்கூடப் பிசகவில்லை. காகிதம் வெட்டிப் பழக்கமே இல்லாத முரட்டுக் கை. கோடு போன வழியே ஒழுங்காகப் போனது. அவள் இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதியில் அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும். கத்தரி ஒரு கணம் நின்றது. பிறகு காதருகே வந்ததும் கட்டைவிரலை அழுத்தி, வெடுக்கென்று ஒரு வெட்டு. காது தனியாகத் தரையில் விழுந்தது.

"பாத்தியா? எனக்கும் துள்ளுது. நாளைக்கு வேற கத்தரி வாங்கிட்டு வரேன்."

சொன்னவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜையில் கிடந்த துண்டுகளைக் கூட்டி அள்ளுவதிலேயே குறியாக இருந்தான்.

"ஆமாண்ணா, கத்தரிதான்" என்றாள் அவள், இரண்டு கைகளையும் தொடைக்கடியில் அழுத்தி வைத்துக்கொண்டு.