கராத்தே கடற்கரை பேசுகிறார்

பக்கவாதம் வந்து கை கால் தேறிய பிறகும் கடற்கரைக்குப் பேச்சு மட்டும் தேறவில்லை. சொல்ல நினைப்பதெல்லாம் மனசுக்குள் தெளிவாகத்தான் இருந்தது. வாய்க்கு வருவதற்குள் எங்கேயோ சிக்கிக்கொண்டது.

தொண்ணூறுகளில் சினிமாவில் பறந்து பறந்து அடித்த 'கராத்தே கடற்கரை' இவர்தான். இப்போது மேலகரத்து வீட்டில் யார் எதைக் கேட்டாலும் அவர் வாயைத் திறக்கும் முன்பே மனைவி பேராச்சி பதில் சொல்லிவிடுவாள். காப்பியா டீயா என்று கேட்டாலும் அவள்தான். தென்காசியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், "கொஞ்சம் பொறுங்கம்மா, அவரே சொல்லட்டும்" என்று பலமுறை சொல்லிப் பார்த்தாள். ஒரு சொல்லுக்காக அவர் முகம் படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டு பேராச்சியால் சும்மா இருக்க முடியவில்லை.

சாரல் காலத்தில் ஒருநாள் ஜுஹைனா வந்தாள். தென்காசிப் பெண். கடற்கரையைப் பற்றி டாக்குமெண்டரி எடுத்தவள். அவர் நன்றாக இருந்தபோதே எடுத்து முடித்தது அது.

"மாமா, நம்ம படம் ப்ளூரே டிஸ்க்கா வருது. படம் ஓடும்போதே நீங்க பக்கத்துல உக்காந்து பேசுத மாதிரி தனியா ஒரு குரல் சேக்கணும்னு கம்பெனியில கேக்காங்க."

பேராச்சிக்கு முகம் மாறிவிட்டது. "படத்துலதான் அவரு குரல் கணீர்னு இருக்கே, அது போதாதா? இப்பம் அவரு திக்குததைக் கேட்டு ஊரே சிரிக்கணுமாக்கும்?"

கடற்கரை கையை நீட்டி ஜுஹைனாவின் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டார். அதற்குமேல் பேராச்சியால் மறுக்க முடியவில்லை. "சரி. நான் பேசுதேன். அவரு பக்கத்துல இருக்கட்டும்" என்றாள்.

மின்விசிறியை நிறுத்தி ஜன்னல்களைச் சாத்தினார்கள். மேசையில் மைக்கை வைத்துவிட்டு ஜுஹைனா படத்தை ஓடவிட்டாள். பேராச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் ஆரம்பித்தாள். முதல் படம், முதல் போஸ்டர், சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்திக் காட்டில் எடுத்த சண்டை எல்லாம் வரிசையாக வந்தன. கடற்கரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அருவியில் நடக்கும் சண்டை வந்தது.

"இது ஐந்தருவியில எடுத்தது. தண்ணி ஐஸ் மாதிரி இருந்துச்சு, அப்படியும் இவரு..."

"ப... ப..."

பேராச்சி திரும்பினாள். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. என்ன சொல்ல வருகிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் வழக்கம்போல் அவளே முடித்துவைத்திருப்பாள்.

"பழைய... குத்தாலம்."

ஜுஹைனா மெதுவாக, "ஆமா அத்தை, பழைய குற்றாலந்தான்" என்றாள்.

பேராச்சி உண்மையாகவே தெரியாமல்தான் மாற்றிச் சொல்லியிருந்தாள். ஆனால் அந்தக் கணத்தில் அவளுக்கு ஒன்று பிடிபட்டது. அவருக்குக் கோபம் வந்திருக்கிறது. கோபத்தில் வார்த்தையும் வந்திருக்கிறது. அடுத்த காட்சியில் கடற்கரை காற்றில் சுழன்று ஒருவன் தாடையில் உதைத்தபோது அவள் மைக்கின் அருகே குனிந்து வேண்டுமென்றே சொன்னாள்: "இந்தா, இதுதான் இவரோட கும்மாங்குத்து."

"ஏட்டி!" கடற்கரை மேசையில் தட்டினார். "குத்து... இல்ல. உதை. மவா... மவாஷி!"

"என்ன வாசியோ. இடது காலுதானே?"

"வலது!" அது மட்டும் சிக்காமல் வந்தது.

ஜுஹைனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பேராச்சிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அதற்குப் பிறகு வாய்க்கு வந்த தப்பையெல்லாம் அடுக்கினாள். இயக்குநர் பெயரை மாற்றினாள், வில்லனைக் கதாநாயகனின் அண்ணன் ஆக்கினாள். கடற்கரை விடாமல் திருத்தினார். சில சொற்கள் வர வெகுநேரம் ஆயிற்று. பேராச்சி மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு காத்திருந்தாள்.

கடைசிப் பகுதியில் அவர்களுடைய கல்யாண போட்டோ வந்தது. கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு அவர் படப்பிடிப்பில் விழுந்து முழங்கால் நொறுங்கி, இனி சண்டை போடவே முடியாது என்று டாக்டர் சொன்ன சமயம் அது. இந்த இடத்தில் என்ன சொல்வதென்று பேராச்சிக்குத் தெரியவில்லை. தன்னைப் பற்றி அவள் எங்கும் பேசியதில்லை. மைக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கடற்கரை பேசினார். "கால்ல... கட்டு. இவ வீட்டுல... வேண்டாம்னுட்டாங்க." நீண்ட இடைவெளி. "இவ... வந்தா. ஆஸ்பத்திரிக்கு. தேதிய... மாத்தாதீங்கன்னா."

பேராச்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பதிவைக் கேட்ட கம்பெனிக்காரர்கள் இடைவெளிகளை வெட்டிவிடலாமா என்று கேட்டார்கள். ஜுஹைனா போனில் அதைச் சொன்னபோது பேராச்சி ரிசீவரைப் பொத்துவதுபோல் செல்போனைப் பொத்திக்கொண்டு, "என்னங்க செய்ய?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாள்.

"வெட்ட... வேண்டாம்" என்றார் கடற்கரை.

டிஸ்க் வெளியாகிச் சில வாரங்கள் கழித்து, ஜுஹைனாவிடம் நம்பர் வாங்கி வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். ஹைருன் பீவி என்று பேர் சொன்னாள். மகன் துபாயிலிருந்து அந்த டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். அவள் கணவர் லாரி ஓட்டியவர். போன வருஷம் வாதம் அடித்ததிலிருந்து வாயையே திறப்பதில்லை.

"அண்ணாச்சி அந்த உதைக்குப் பேரு சொல்லுத இடத்துல எங்க வீட்டுக்காரரு சிரிச்சிட்டாரு அக்கா. சிரிச்சிட்டு, இன்னொருக்கப் போடுன்னாரு. வாயால சொன்னாரு."

பேராச்சி செல்போனை ஸ்பீக்கரில் போட்டுக் கணவரின் முன்னால் வைத்தாள். அந்தப் பக்கமும் போன் கைமாறுகிற சத்தம் கேட்டது. பிறகு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் மட்டும்.

"அண்ணாச்சி," என்றார் கடற்கரை. "சாப்... சாப்ட்டாச்சா?"

அந்தப் பக்கம் வெகுநேரம் ஒன்றுமில்லை. ஹைருன் பீவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ சும்மா இரும்மா, அவரே சொல்லட்டும்" என்றாள் பேராச்சி.

"ஆச்... ஆச்சு," என்றது ஒரு கரகரத்த குரல். "நீ... நீங்க?"

"இனிமே... தான். ஞாயி... ஞாயித்துக்கிழம... இங்கன... வாங்க."

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள்.