பன்னிரண்டு லிட்டர் கடல்

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்த லாரி டிரைவர் தன் மகன் வீட்டில் வந்து தங்கியிருந்தார். ஆயுளில் பாதியை நெடுஞ்சாலையில் கழித்த மனிதருக்கு நாலு சுவருக்குள் பொழுது நகரவில்லை. கூடத்தில் மருமகள் வளர்த்த சின்னக் கண்ணாடித் தொட்டிதான் பேச்சுத்துணை. பன்னிரண்டு லிட்டர் உப்புநீர், ஓட்டை ஓட்டையாக ஒரு கல், அதன்மேல் பட்டாணி பட்டாணியாகப் பவள உயிர்கள். மீன்கூடக் கிடையாது. இதற்கு இத்தனை உபசாரமா என்று அவர் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மருமகள், ஒரு மாதப் பயிற்சிக்காக வெளியூர் போகும்போது தொட்டியை மாமனாரிடம்தான் ஒப்படைத்தாள். கணவனிடம் சொல்வதும் சுவரிடம் சொல்வதும் ஒன்று என்று அவளுக்குத் தெரியும். கண்ணாடியில் போட்ட கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் வெள்ளைக் கேனிலிருந்து நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். நீலக் கேனில் இருப்பது கலக்கி வைத்த உப்புநீர். அதைத் தொட வேண்டாம் என்றாள்.

அவருக்கு அது ஒப்பவில்லை. கடலுக்கு நல்ல தண்ணீரா? கிளம்புகிற அவசரத்தில் மருமகள் மாற்றிச் சொல்லிவிட்டாள் என்று தானாகவே தீர்மானித்து, தினமும் நீலக் கேனையே சாய்த்தார்.

வாரம் முடிவதற்குள் பவளங்களெல்லாம் சுருங்கி, கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டன. அவர் உடனே மருமகளுக்குப் போன் போட்டு, செய்ததை ஒளிக்காமல் சொன்னார். அவள் கோபிக்கவில்லை.

"தண்ணி மட்டுந்தான் ஆவியாப் போகும் மாமா. உப்பு உள்ளேயேதான் கிடக்கும். நீங்க மேல மேல உப்பைச் சேர்த்திருக்கீங்க."

"மொத்தத்தையும் கொட்டிட்டு மாத்திடட்டுமா?"

"வேண்டாம், அந்த அதிர்ச்சியே கொன்னுடும். ஒரு டம்ளர் எடுங்க, ஒரு டம்ளர் நல்ல தண்ணி ஊத்துங்க. மெதுவா."

வண்டியில் பொறுமை என்பதை அறியாதவர், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர் என்று மாற்றினார். தொட்டியருகே இருந்த, உப்பு பார்க்கும் மீட்டரில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பிடித்து, கண்ணை இடுக்கிப் பார்த்தார். அளவு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

ஒருநாள் காலை அவர் வந்து பார்த்தபோது கல் பூத்திருந்தது. பச்சையும் ஆரஞ்சுமாக வட்ட வட்டமாய் விரிந்து, ஒவ்வொன்றின் விளிம்பிலும் நூல்விரல்கள் அசைந்தன. பட்டினி கிடந்திருக்குமே என்ற இரக்கத்தில், மருமகள் வைத்திருந்த தீனியில் ஒரு சிட்டிகை போட்டார். விரல்கள் மூடி வாங்கிக்கொண்டன.

கல்லின் ஓட்டை ஒன்றிலிருந்து மயிரிழை போல ஒரு கை நீண்டது. பின்னால் இன்னொன்று. மணலில் விழுந்த துகளைத் தடவிப் பார்த்து, சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே இழுத்தது.

அவர் மருமகளைப் போனில் கூப்பிட்டார்.

"அம்மா, உள்ளே யாரோ இருக்காங்க."

அவள் அடையாளத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். அது நட்சத்திர மீனுக்கு உறவான ஒரு பிராணி, கல்லோடு குஞ்சாக வந்திருக்கும் என்றாள். இரண்டு வருஷமாகத் தினமும் பார்த்த தொட்டியில் அவள் அதை ஒருமுறைகூடக் கண்டதில்லை.

"எத்தனை கை மாமா?"

"ரெண்டுதான் தெரியுது. இரு, திரும்ப வருது."

அவள் பயிற்சிக் கூடத்துப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். இருவரும் போனைக் காதில் வைத்தபடி, அடுத்த கைக்காகக் காத்திருந்தார்கள்.