எந்தத் தெரு

ஏர்போர்ட்டிலிருந்து ஸ்ரீரங்கம் வருகிற வழியில், கார் காவிரிப் பாலத்தைத் தொடுவதற்குள், விஜயராணி அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மூன்று விஷயங்களைச் சொல்லி முடித்துவிட்டாள். ரூமில் மீன், முட்டை வாசமே வரக்கூடாது. வீட்டுக்கார மாமி கொடுக்கிற டம்ளரை உதட்டில் வைத்துக் குடிக்கக் கூடாது. ஊர்ப் பெயரைச் சொல்லக் கூடாது.

முதல் இரண்டுக்கும் அப்பா தலையாட்டினார். மூன்றாவதுக்கு முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"எந்த ஊர்லா? சுங்கை சிப்புட்டா?"

"மலேசியா ஊர நூறு தடவ சொல்லுங்க. உப்பிலியபுரத்தப் பத்தி வாயத் திறக்காதீங்க. தெற்குத் தெருன்னு மூச்சு விடாதீங்க."

அப்பா சின்னையா முப்பது வருஷம் பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். மலேசியாவில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளிடம், "நாங்க திருச்சி ஜில்லா, உப்பிலியபுரம் பக்கம், தெற்குத் தெரு காத்தான் வகையறா" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். அவருடைய அப்பா கப்பல் ஏறியபோது கொண்டுபோனதில் மிச்சம் இருந்தது அந்த ஒரு வரிதான். அங்கே அது வெறும் விலாசம். இங்கே அதைச் சொன்னால் ஜாதியைச் சொன்ன மாதிரி. இது விஜயராணிக்கே இங்கு எம்.எஸ்ஸி. படிக்க வந்த பிறகுதான் தெரியும். முதல் வாரம் வகுப்பில் ஒருத்தி "எந்தத் தெரு?" என்று கேட்டாள். இவளும் அப்பா மாதிரியே பெருமையாகச் சொன்னாள். மறுநாளிலிருந்து அந்தப் பெண் வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் விஜயராணி "மலேசியா" என்று நிறுத்திக்கொண்டாள். அதற்கு மேல் யாரும் தோண்டவில்லை.

ரங்கநாயகி மாமியின் மாடி ரூம் அப்படித்தான் கிடைத்தது. அதற்கு முன் பதினோரு வீடுகளில், "வெளிநாட்டுப் பொண்ணா? போலீஸ் பேப்பர் எல்லாம் எங்களால முடியாதும்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். மாமி மட்டும்தான் மகனை விட்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் பதிந்து கொடுத்தாள். இப்போது விசாவை நீட்டிக்க வேண்டும். வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்ட கடிதம் இந்த வாரத்துக்குள் வேண்டும். அது இல்லாவிட்டால் கடைசி செமஸ்டர் இல்லை. ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

பக்கத்து ரூமில் போன வருஷம் வரைக்கும் ஒரு வையம்பட்டிப் பெண் இருந்தாள். அவளுடைய அப்பா ஒருநாள் வந்துபோனார். அடுத்த வாரம் மாமி, "வெள்ளை அடிக்கணும்டி, காலி பண்ணிக் கொடுத்துடு" என்றாள். இன்றுவரை அங்கே யாரும் வெள்ளை அடிக்கவில்லை.

மாமி அவர்களை நன்றாகத்தான் வரவேற்றாள்.

"வாங்கோ, வாங்கோ. பெருமாளைச் சேவிச்சேளா?"

"இன்னும் இல்லைங்க. இனிமேதான்" என்றார் அப்பா. "ங்க" போடச் சொல்லிக் கொடுத்தது விஜயராணி. போனில் ஒரு மாதம் பழக்கியிருந்தாள்.

"பூர்வீகம் எந்தப் பக்கம்?"

"அப்பா சின்ன வயசுலயே கப்பல் ஏறிட்டாருங்க. ஒண்ணும் தெரியாதுங்க."

"ஊர் தெரியலைன்னா போறது. குலதெய்வமாவது தெரியணுமே."

அப்பா யோசித்தார். "முருகன்."

"முருகன் எல்லாருக்கும்தான். நான் கேக்கறது உங்க ஆத்துக்கு."

"எங்க ஊர்ல எல்லா வீட்டுக்கும் முருகன்தாங்க."

மாமி சிரித்தாள். மாடிக்கு வந்ததும் விஜயராணி கதவைச் சாத்திவிட்டு, "கேட்டா திருப்பதின்னு சொல்லுங்கப்பா. இதுகூடத் தெரியாதா?" என்று சீறினாள்.

அம்மா பையிலிருந்து துணிகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். "நாங்க பிள்ளையைப் பாக்க வந்தோமா, இன்டர்வியூவுக்கு வந்தோமாலா?"

"மெதுவாப் பேசும்மா. கீழ கேக்கும்."

"பசியாறவும் மெதுவாத்தான் பசியாறணுமா?"

"பசியாறன்னு சொல்லாதீங்க. டிபன்னு சொல்லுங்க."

அம்மா துணி அடுக்குவதைத் தொடர்ந்தாள்.

அப்பா எதற்கும் கோபப்படவில்லை. அவர் வந்ததே ஊரைப் பார்க்கத்தான். அங்கேயே தங்கிவிட்ட பெரியப்பா மகன் ஒருவரை இரண்டு வருஷத்துக்கு முன் போனில் கண்டுபிடித்திருந்தார். அவருக்குத் தாத்தாவின் பெயரையே வைத்திருந்தார்கள், காத்தான். வாரம் தவறாமல் இருவரும் வீடியோவில் பேசினார்கள். அப்பாவுக்கும் அவருக்கும் ஒரே மூக்கு, ஒரே நெற்றி. கடைசி நாள், மாமிக்குத் தெரியாமல் பஸ் பிடித்து ஊருக்குப் போய் வருவது என்று விஜயராணி சம்மதித்திருந்தாள். அப்பா அதற்காக ஒரு புதுச் சட்டையை மடிப்புக் கலையாமல் தனியாக வைத்திருந்தார்.

நான்காம் நாள் காலை ஒன்பதரை மணிக்குக் கேட்டில் சத்தம் கேட்டது.

"மலேசியா சின்னையா இருக்காங்களா?"

விஜயராணி மாடிப்படியில் பாதியில் இருந்தாள். பின்னால் அப்பா. கேட்டுக்கு வெளியே ஒருவர் வெள்ளைச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். செருப்பைத் தெருவிலேயே கழற்றி விட்டிருந்தார். கையில் ஒயர்கூடை. கூடைக்குள்ளிருந்து ஒரு நாட்டுக்கோழி தலையை நீட்டி மாமியைப் பார்த்தது.

"நீங்க யாரு? அது என்ன, உயிரோடயா இருக்கு?" என்றாள் மாமி.

"உசுரோடதாங்க. அண்ணிக்குக் குழம்பு வைக்க. நான் உப்பிலியபுரத்துலேர்ந்து வரேங்க. தெற்குத் தெரு காத்தான். அவருக்குத் தம்பி முறை." அவரும் பெருமையாகத்தான் சொன்னார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். "அண்ணே! நாளைக்கு வரேன்னு சொன்னீங்க. எனக்குப் பொறுக்கலண்ணே."

அப்பாதான் விலாசத்தை அனுப்பியிருந்தார்.

மாமி திரும்பினாள். "இவர் உங்க மனுஷாளாமே?"

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டிருந்தது. ஒரு கால் அடுத்த படிக்கு இறங்கியும்விட்டது. அப்படியே மகளைப் பார்த்தார்.

அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சித்தப்பா என்று. தலையை மட்டும், முகத்தில் உட்கார்ந்த கொசுவை விரட்டுகிற அளவுக்கு, இடமும் வலமும் அசைத்தாள்.

"இல்லைங்க" என்றார் அப்பா. "யாருன்னு தெரியலைங்க."

காத்தான் சிரித்தார். "என்னண்ணே விளையாடுறீங்க? நேத்துகூட வீடியோவுல..."

"வேற சின்னையாவா இருக்கும். மலேசியாவுல நிறைய சின்னையா இருக்காங்க."

மலேசியப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் "லா" ஒன்றுகூட வரவில்லை. திருச்சிக்காரர் மாதிரியே பேசினார்.

சிரிப்பு காத்தான் முகத்திலேயே நின்றது. அவர் மாமியைப் பார்த்தார். பிறகு விஜயராணியைப் பார்த்தார். அவளைத்தான் அதிக நேரம் பார்த்தார். வீடியோவில் அவளையும் பார்த்திருக்கிறார், "டாக்டருக்குப் படிக்குதா பாப்பா?" என்று கேட்டிருக்கிறார்.

"வீட்டை மாத்தி வந்துட்டேங்க" என்றார் மாமியிடம். "தப்பா நெனச்சுக்காதீங்க."

குனிந்து செருப்பை எடுத்தார். போடவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தார்.

மாமி பெருமூச்சு விட்டாள். "ஒரு நிமிஷம் எனக்குப் பக்குன்னு ஆயிடுத்து. எங்கேர்ந்தெல்லாம் வந்து உறவு கொண்டாடறதுகள் பாருங்கோ! வெளிநாடுன்னா போறும்." அப்புறம் விஜயராணியிடம் கனிவாகச் சொன்னாள். "அந்த விசா கடுதாசியை எடுத்துண்டு வாடி. இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்."

விஜயராணி ஓடிப்போய்க் கடிதத்தையும் பேனாவையும் கொண்டுவந்தாள். மாமி நின்றபடியே, சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். ஜூன் வரைக்கும். அதைக் கையில் வாங்கியபோது விஜயராணிக்கு முதலில் வந்தது நிம்மதிதான்.

"இன்னொண்ணு" என்றாள் மாமி. "வாசல்ல கோலத்து மேலயே நின்னுட்டுப் போயிருக்கான். வேலைக்காரி இன்னிக்கு வரலை. நீ கொஞ்சம் ஜலம் விட்டு அலம்பி விட்டுடேன். நன்னாத் தேய்ச்சு விடு."

விஜயராணி கடிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். வாளியில் தண்ணீர் பிடித்தாள். துடைப்பத்தோடு வாசலுக்கு வந்தாள். காத்தான் தெரு முனைக்குத்தான் போயிருந்தார். கோழி கூடையில் திமிறியதில் கட்டு அவிழ்ந்திருக்க வேண்டும். கூடையைக் கீழே வைத்துவிட்டு அதன் காலைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டிவிட்டு நிமிர்ந்தபோது வாசல் அவர் கண்ணுக்கு நேராக இருந்தது.

அவள் கை வாளியிலேயே நின்றது.

"தள்ளிக்கம்மா" என்று பின்னாலிருந்து அப்பா துடைப்பத்தை வாங்கினார். "உனக்குக் காலேஜுக்கு நேரமாவுது."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரை ஊற்றினார். தேய்க்க ஆரம்பித்தார். தெரு முனைப் பக்கம் அவர் பார்க்கவில்லை.

"அதோ, அந்த ஓரம் விட்டுப்போச்சு பாருங்கோ" என்றாள் மாமி, உள்ளிருந்து.

"சரிங்க" என்று அப்பா அந்த ஓரத்துக்கு நகர்ந்தார்.