ஏறாத ஆறு இடங்கள்

ஸ்மைலினுக்கு மரக்கன்று எண்ணுவதுதான் வேலை. நாகர்கோவிலில் ஒரு சின்ன கம்பெனி. தனியார் எஸ்டேட்டுகளில் மரம் வெட்டிய இடத்தில் காடு திரும்ப வருகிறதா என்று அளந்து அறிக்கை கொடுப்பார்கள். வெட்டிய அளவுக்கு வளர்ச்சி இருந்தால்தான் அடுத்த சரிவை வெட்ட அரசாங்கம் அனுமதிக்கும். தாவரவியல் படித்துவிட்டு மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திச் சலித்துப் போயிருந்த ஸ்மைலினுக்கு இந்த வேலை பிடித்திருந்தது. முள் கிழிக்கும், அட்டை கடிக்கும். ஆனாலும் விரல் உயரக் கன்றைக் குனிந்து பார்த்து, இது அயனி, இது மருது என்று எழுதும்போது மனசுக்கு நன்றாக இருக்கும்.

கீரிப்பாறைக்கு மேலே உள்ள கூவைக்காடு எஸ்டேட்டுக்கு அவள் முதலில் போனது ஐந்து வருடத்துக்கு முன்பு, ஒரு அக்டோபரில். எஸ்டேட்டில் மூன்று சரிவுகள். கிழக்குச் சரிவை வெட்டி நான்கு வருடம் ஆகியிருந்தது. அதில் இருபது இடங்களில் எண்ண வேண்டும். எந்தெந்த இடம் என்பதை ஆபீஸ் கம்ப்யூட்டரே குறித்துக் கொடுத்துவிடும். ஒவ்வொரு இடத்திலும் குச்சி நட்டு, கயிறு கட்டி, வட்டம் போட்டு, அதற்குள் நிற்கும் கன்றுகளை எண்ணி எழுத வேண்டும்.

வழிகாட்ட முத்துக்கனி வந்தாள். ஐம்பது வயது இருக்கும். எஸ்டேட்டில் கன்று நடுகிறவள். சரிவின் அடியில் ஓடைக்கரையில் வீடு. சுற்றிலும் மரச்சீனிக் கிழங்கும் வாழையும் போட்டிருந்தாள். இரண்டு நாளில் இருவரும் பதினான்கு இடங்களை முடித்தார்கள். எல்லாம் சரிவின் கீழ்ப்பாதி. கன்றுகள் நெஞ்சளவு வளர்ந்து நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

மிச்சம் ஆறு. ஆறும் உச்சிக்குப் பக்கத்தில்.

மூன்றாம் நாள் காலையிலேயே மழை. ஏறி இறங்க மூன்று மணி நேரமாவது ஆகும். அன்று சாயங்காலம் அவளுடைய தம்பி ஷிபு நாலு வருடம் கழித்துக் கத்தாரிலிருந்து வருகிறான். அவனை அழைத்துவரக் குழித்துறை வீட்டிலிருந்து மதியம் வேன் கிளம்பும். அம்மா அதற்குள் மூன்று முறை போன் செய்துவிட்டாள்.

எஸ்டேட் சூப்பர்வைசர் ஷாஜன் பால் விடாத கட்டன்சாயா கொண்டுவந்து வைத்தான். "மேல என்னத்த இருக்கு மேடம்? இங்க உள்ள காடுதான் அங்கயும். மழையில வழுக்கி விழுந்தா யாரு பாக்க?"

ஸ்மைலின் தாளை விரித்துவைத்து ஆறு இடங்களையும் உட்கார்ந்த இடத்திலேயே நிரப்பினாள். கீழே கிடைத்த எண்களை அப்படியே போடவில்லை. உயரத்தில் கொஞ்சம் குறையும் அல்லவா, அதனால் முப்பத்தொன்று, இருபத்தேழு, முப்பத்துநாலு என்று நம்புகிற மாதிரி குறைத்துப் போட்டாள். பின்னாளில் அவளை அதிகம் கூசவைத்தது அந்தக் கவனம்தான்.

கிளம்புகிறபோது முத்துக்கனி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். "மேல போவண்டாமா பிள்ளே?"

"ஷாஜன் அண்ணன்கூட காலையிலயே போயிட்டு வந்தாச்சு அக்கா."

"அப்பம் பாத்தியா? நாங்க நட்டது ஒண்ணும் நிக்கல்ல. பாறை தெரியுது. எழுதினியா?"

"எழுதிட்டேன் அக்கா," என்றாள் ஸ்மைலின்.

திருவனந்தபுரத்தில் விமானம் மூன்று மணி நேரம் தாமதம். ஷிபு தாடி வைத்திருந்தான். அம்மா அழுதாள். வீடு வந்து சேர்ந்தபோது கூவைக்காடு அவள் நினைவிலேயே இல்லை.

வெட்டியதைவிட வளர்ச்சி அதிகம் என்று அறிக்கை போனது. கம்பெனி நடத்தும் ஹரிகுமார் சார் "நீட்டா பண்ணியிருக்க" என்றார். அடுத்த கோடையில் மேற்குச் சரிவு வெட்டப்பட்டது.

அந்த மேற்குச் சரிவை எண்ணுவதற்காக இந்த வருடம் பிப்ரவரியில் அவளையே அனுப்பினார்கள். ஜீப்பிலிருந்து இறங்கியதும் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஓடைச் சத்தம் கேட்கவில்லை என்று புரிந்தது. ஓடையில் மணலும் கல்லும் மட்டும் கிடந்தன. முத்துக்கனி இரண்டு குடம் தண்ணீரோடு கீழே ரோட்டிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"வெள்ளம் எங்க அக்கா?"

"தை முடிஞ்சா வெள்ளம் கெடையாது. மேற்க வெட்டினதுக்குப் பெறவு மூணு வருசமா இப்படித்தான்." வாழை இருந்த இடத்தில் காய்ந்த கட்டைகள் நின்றன.

மேற்குச் சரிவின் உச்சிக்குப் போகும் பாதை கிழக்குச் சரிவின் தலை வழியாகத்தான் போகிறது. அந்த ஆறு இடங்களில் முதலாவது வந்ததும் ஸ்மைலின் நின்றுவிட்டாள். பழைய அடிமரங்கள் கருகி நின்றன. வேர்களுக்கு அடியில் மண் இல்லை. அவை விரல்களைப் போல வெளியே தொங்கின. பாறை வெயிலில் மினுங்கியது. இடுக்குகளில் காய்ந்த புல். அவள் குச்சியை நட்டுக் கயிறு பிடித்தாள்.

"இது பழைய எடமில்லா? இத எதுக்கு?" என்றாள் முத்துக்கனி.

ஸ்மைலின் வட்டம் போட்டுக் குனிந்தாள். ஆறு இடங்களையும் எண்ணினாள். மொத்தம் மூன்று கன்றுகள். மூன்றில் ஒன்றுக்கு இலை இல்லை.

பாறைமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மழை, வேன், தம்பி, கட்டன்சாயா. முத்துக்கனி கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணைக்கு நீ பொய் சொன்னது எனக்குத் தெரியும்," என்றாள் கடைசியில். "ஒன் ஷூவுல சேறு இல்ல."

"அப்பமே யாருகிட்டயாவது சொல்லியிருக்கலாமே அக்கா?"

"சொன்னா வேல தருவாவளா? நானும் வாய மூடிட்டுதான் இருந்தேன்."

மேற்குச் சரிவும் அதே கதைதான். உச்சி மொட்டை, சரிந்த மண் கீழே இருந்த இளங்கன்றுகளையும் மூடிக் கிடந்தது. ஸ்மைலின் நான்கு நாள் தங்கி இருபது இடங்களையும் எண்ணிவிட்டு இறங்கினாள்.

ஹரிகுமார் சார் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். "மேற்கு மோசம்னு எழுது, தப்பில்ல. கிழக்க எதுக்குத் தோண்டுற? அது முடிஞ்சு போன ஃபைலு."

"அது பொய் சார். அத நம்பித்தான் மேற்க வெட்டினாவ."

"நம்ம கம்பெனியில எட்டு பேரு வேல செய்யுதாவ, கேட்டியா? ஒன் மனசு ஆறணும்னு அவியளும் தெருவுல நிக்கணுமா?"

ஸ்மைலின் தாள்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் அனுமதி தரும் அலுவலகத்துக்குத் தன் பெயரில், தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள். கம்பெனிக்குத் தெரியாமல் தான் மட்டும் செய்த தப்பு என்றும் எழுதினாள். அது உண்மைதான்.

மூன்றாவது சரிவுக்கான அனுமதி நின்றது. கம்பெனிக்கு ஒரு வருடத்துக்கு அரசு வேலை கிடையாது என்றார்கள். எட்டு பேரில் மூன்று பேர் வெளியே போனார்கள். முதல் ஆள் ஸ்மைலின். மற்ற இருவரில் ஸ்டெனிக்கு அந்த மாதம்தான் குழந்தை பிறந்திருந்தது. பார்க்கப் போனாள். ஸ்டெனியின் மனைவி குழந்தையை அவள் கையில் கொடுக்கவில்லை.

மறுபடி ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். ஜூனில் மழை பிடித்ததும் முத்துக்கனிக்குப் போன் செய்தாள்.

"நடவு எல்லாம் தொடங்கியாச்சா அக்கா? சனிக்கிழமை நானும் வரட்டா?"

"வா. ஒரு கை கூட இருந்தா கொள்ளாம், நல்லதுதான். மன்னிப்பு மாத்திரம் கேக்காத. அத வச்சு நான் என்ன செய்ய?"

இரண்டு சனிக்கிழமைகள் போனாள். கூடையில் மண்ணைச் சுமந்து கிழக்குச் சரிவின் பாறை இடுக்குகளில் நிரப்பி, அதில் கன்று வைத்தார்கள். மேலே போகப் போக மண் போதவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை முத்துக்கனியின் வீடு பூட்டியிருந்தது. அஞ்சுகிராமத்தில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டதாக ஷாஜன் சொன்னான். இன்னொரு கோடையை இங்கே தாங்க முடியாதாம்.

"இனி வரமாட்டாவளா?"

"எதுக்கு வர?" என்றான் ஷாஜன். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மழைக்கு ஓடையில் தண்ணீர் வந்திருந்தது. கலங்கி, செம்மண் நிறத்தில். ஸ்மைலின் எஸ்டேட் ஷெட்டிலிருந்து முப்பது கன்றுகளை எடுத்துக் கூடையில் அடுக்கினாள். ஒரு ஆள் அவ்வளவுதான் தூக்க முடியும். தனியாக ஏற ஆரம்பித்தாள்.