அசையாத முள்

முள் பத்திலேயே நின்றது. அதைப் பார்த்துப் பொறியாளர் தாக் சிரித்தான்.

கொரியாவின் கோஜே தீவில், கப்பல் கட்டும் தளத்தில், பத்தொன்பது வருடமாகக் கப்பல் குழாய்களுக்கு அழுத்தச் சோதனை செய்கிறவள் நான். பெயர் கூ சுபோக். குழாயின் இரண்டு முனையையும் அடைத்து, உள்ளே நைட்ரஜனை ஏற்றி, மீட்டரில் முள் எங்கே நிற்கிறது என்று எழுதிக்கொள்வோம். ஆறு மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்ப்போம். முள் இறங்கியிருந்தால் எங்கோ கசிவு. இறங்காவிட்டால் குழாய் தேறிவிட்டது. தளத்தில் இருக்கிற எல்லாருக்கும் இந்த அளவு தெரியும், இந்த அளவோடு நிறுத்தியும் கொள்வார்கள்.

அன்று ஏப்ரல் முதல் வாரம். காலை ஏழு மணிக்கு நான் முள்ளைப் பத்தில் நிறுத்தியபோது, குழாயைத் தொட்ட விரல் கையுறைக்குள்ளேயே விறைத்தது. இரும்பின் வெப்பம் நான்கு டிகிரி. பத்து மணிக்கு அந்தப் பக்கமாகப் போனேன். வெயில் குழாய் மேல் விழ ஆரம்பித்திருந்தது, முள் பத்தில் இருந்தது. சரி, இன்னும் சூடேறவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். மதியம் ஒரு மணிக்கு அதே குழாய் இருபத்து நான்கு டிகிரி. முள் மட்டும் அதே பத்து.

மூடிய குழாய்க்குள் வாயு சும்மா கிடப்பதில்லை. அதன் துகள்கள் ஓயாமல் ஓடுகின்றன, சுவரில் போய் முட்டுகின்றன. அந்த முட்டலைத்தான் முள் காட்டுகிறது. சூடேறினால் ஓட்டம் கூடும், முட்டலும் கூடும். நான்கிலிருந்து இருபத்து நான்குக்குப் போனால் பத்தில் இருந்த முள் பத்தே முக்காலைத் தொட்டிருக்க வேண்டும். எல்லாத் துகளும் முன்னைவிட வேகமாக ஓடியும் முட்டல் கூடவில்லை என்றால் என்ன அர்த்தம்? உள்ளே கூட்டம் குறைந்திருக்கிறது. கொஞ்சம் எங்கோ வெளியே போயிருக்கிறது.

சோதனைத் தாளில் வெப்பநிலைக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. தொடக்கத்துக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று. எங்கள் தளத்தில் அவற்றை யாரும் நிரப்பிப் பார்த்ததில்லை. போன கப்பலின் தாளை நகல் எடுத்துக் கப்பலின் எண்ணை மட்டும் மாற்றுவார்கள். எந்தப் புண்ணியவானோ எந்தக் காலத்திலோ இரண்டு கட்டத்திலும் பதினைந்து என்று போட்டுவிட்டுப் போனான். அன்றிலிருந்து எங்களுக்கு ஜனவரியிலும் பதினைந்து, ஆகஸ்டிலும் பதினைந்து.

"சார், இந்தப் பதினஞ்சு எங்கேருந்து வந்துச்சு?" என்று தாக்கிடம் கேட்டேன்.

"அது எப்பவும் இருக்கறதுதானேம்மா. முள்ளப் பாருங்க, அடிச்சு வச்ச ஆணி மாதிரி நிக்குது."

"நிக்கறதுதான் சார் தப்பு. காலைல நாலு டிகிரி, இப்ப இருபத்திநாலு. ஏறியிருக்கணும்."

தாக் பூசானில் பெரிய பல்கலைக்கழகத்தில் படித்தவன். முப்பது வயது. அவன் பேனா நின்றது. அந்த ஒரு நொடியில் அவனுக்குக் கணக்கு புரிந்துவிட்டது, அவன் கண்ணிலேயே பார்த்தேன். பிறகு அந்தக் கண் கைக்கடிகாரத்துக்குப் போனது. கப்பலை வாங்குகிறவர்களின் ஆய்வாளர் மூன்று மணிக்கு வருகிறார்.

"மீட்டர் பழசா இருக்கும்மா."

"போன வாரம் சரிபாத்து ஒட்டுன சீட்டு அது மேலயே இருக்கு. கண்ணாடியப் போட்டுட்டுப் பாருங்க."

"முள் எறங்கலல்ல? எறங்கலன்னா பாஸ். நீங்க என்ன எனக்கே பாடம் எடுக்கறீங்களா?"

தெரியாதவன் தப்பு செய்தால் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகலாம். தெரிந்துகொண்டே செய்கிறவனை என்ன செய்வது? தாளைப் பிடுங்கிக் கிழித்திருப்பேன். அதற்குள் மால்சுன் வந்துவிட்டாள்.

மால்சுன் பெயின்டர். என்னைவிட ஆறு வயது சின்னவள். மதியச் சாப்பாடு முடிந்ததும் காகிதக் கோப்பையில் எனக்கும் காப்பி கலந்து எடுத்துவருவாள். அன்றும் கொண்டுவந்தாள். மறு கையில் பிரஷ் இருந்தது.

"அக்கா, இதக் குடி. நான் கீழ போய் மிச்சத்த முடிச்சுட்டு வரேன்."

"கீழன்னா எங்க?"

"இந்தக் குழா வளஞ்சு எறங்குதே, அந்த ரூம்தான். நம்ம வீட்டுக் குளியலறை அளவுகூட இல்ல. பதினொன்னரைக்கு எறங்குனேன். என்னமோ கொட்டாவியா வந்துச்சு, தலை வேற கிறுகிறுன்னுச்சு. பசிதான்னு ஏறி வந்துட்டேன்."

என் கையில் இருந்த காப்பி அப்படியே நின்றது. குழாயிலிருந்து போனது எங்கே போனது என்று எனக்கு அப்போது தெரிந்தது. நைட்ரஜனுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. மூச்சு முட்டுகிறதே என்ற எண்ணம்கூட வராது. ஆக்சிஜன் இல்லாத காற்றை நாலு தடவை இழுத்தால் கால் மடங்கும். ஏணியில் இருக்கிறவள் ஏணியிலிருந்து விழுவாள்.

"காத்து ஊதற ஃபேன் ஓடுதா?"

"அத காலைலயே அடுத்த பிளாக்குக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

சோதனை நடக்கிற குழாய்க்குப் பக்கத்தில் ஆள் இறங்கக்கூடாது என்று சுவரில் கொரிய மொழியிலும் வியட்நாமிய மொழியிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதி வைத்தவர்களே ஒரே நாளில் இரண்டு வேலையையும் போடுகிறார்கள். நான் காப்பியைக் கீழே வைத்தேன். அந்த அறைக்கு இறங்குகிற மேன்ஹோலின் மூடியை இழுத்து வாயை அடைத்தேன். அதன் மேல் உட்கார்ந்தேன்.

"என்னக்கா இது?" என்றாள் மால்சுன்.

"நீ சும்மா இரு."

தாக் ஓடி வந்தான். வெல்டிங் ஆட்கள் ஏழெட்டுப் பேர் முகக்கவசத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டு கூடினார்கள்.

"எந்திரிங்கம்மா. வேலையத் தடுக்கறீங்க. இது பெரிய தப்பு, தெரியுமா?"

"தெரியும். எழுதிக்கோங்க. குழா பாஸாயிடுச்சுன்னுதானே சொன்னீங்க? அப்ப மொதல்ல நீங்க எறங்குங்க சார். கீழ நின்னு நூறு எண்ணுங்க. எண்ணிட்டு ஏறி வாங்க, நான் எந்திரிச்சுடறேன். அப்புறம் இவ எறங்கட்டும்."

ஒருவன் சிரித்தான், உடனே நிறுத்திக்கொண்டான். தாக் மூடியைப் பார்த்தான், தன் காலணியைப் பார்த்தான். அவன் ஒரு அடி எடுத்து வைத்திருந்தாலும் நான் எழுந்திருக்க மாட்டேன். அது அவனுக்குத் தெரியாது. ஆனாலும் அவன் அடி எடுத்து வைக்கவில்லை. தன் உயிர் என்றதும் அவனுக்குக் கணக்கு சரியாக வந்தது.

"பாத்தீங்களா?" என்றேன். "உங்களுக்கு வேணாம். இவளுக்குன்னா தாள்ல இருக்கற பதினஞ்சு, பதினஞ்சு போதும்."

மால்சுன் போய், வெல்டிங் மேஸ்திரியின் இடுப்பிலிருந்து ஆக்சிஜன் மீட்டரைக் கழற்றினாள். கயிற்றில் கட்டினாள். நான் மூடியை ஒரு சாண் நகர்த்தினேன். மீட்டர் உள்ளே இறங்கியது. ஏணியின் மூன்றாவது படியைத் தாண்டுவதற்குள் அலற ஆரம்பித்தது. மேலே இழுக்காமல் அடிவரை விட்டு, டார்ச் அடித்து எண்ணைப் படித்தோம். பதினாறு. சாதாரணக் காற்றில் இருபத்தொன்று இருக்கும். பதினெட்டுக்குக் கீழே போனால் யாரும் இறங்கக்கூடாது.

மால்சுன் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். பிரஷ்ஷை மடியில் வைத்துக்கொண்டாள். "அப்ப அது பசி இல்லியா?" என்று கேட்டாள்.

காற்றை ஊதி அறையைச் சுத்தம் செய்தபின் குழாய் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார்கள். உள்ளே ரப்பர் வளையம் கோணலாக உட்கார்ந்திருந்தது. சோப்பு நுரைத்துக் கொப்புளம் விட்டது. மூன்று மணி ஆய்வு மறுநாளுக்குத் தள்ளிப்போனது.

மறுநாள் காலை தளத்தில் எல்லாருமாகச் செய்கிற உடற்பயிற்சி முடிந்ததும், விபத்தில்லாத நாட்கள் பலகையில் தாக் நானூற்றுப் பதினொன்றை அழித்து நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினான். பிறகு நாற்பது பேருக்கும் சூட்டையும் அழுத்தத்தையும் பற்றி இருபது நிமிடம் பாடம் எடுத்தான். நன்றாகவே எடுத்தான். அவனே கண்டுபிடித்த மாதிரி எடுத்தான். கூட்டம் கலைந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"வேலையத் தடுத்ததுக்கு ஒரு விளக்கக் கடிதம் வேணும்மா. மேலிடத்துல கேக்கறாங்க."

எங்கள் தளத்தில் தப்பு செய்தவர் கைப்பட விளக்கக் கடிதம் எழுதித்தர வேண்டும். நடந்ததை வரிசையாகச் சொல்லி, கடைசியில் ஆழ்ந்து வருந்துகிறேன் என்று முடிக்க வேண்டும். அங்கேயே நின்று எழுதினேன். காலை நான்கு டிகிரி, மதியம் இருபத்து நான்கு. முள் பத்து, பத்து. அறையில் ஆக்சிஜன் பதினாறு. மூடிமேல் உட்கார்ந்தேன். பெயர், கையெழுத்து.

தாக் படித்துவிட்டுத் திருப்பி நீட்டினான். "வருத்தம் எங்கம்மா? அது இல்லாம வாங்க மாட்டாங்க."

தாளை வாங்கி, கையெழுத்துக்குக் கீழே எழுதினேன்.

'ஒன்றுக்கு ஆழ்ந்து வருந்துகிறேன். பத்து மணிக்கே அந்த முள்ளைப் பார்த்தேன், பார்த்துவிட்டுப் போய்விட்டேன். மால்சுன் பதினொன்றரைக்கு உள்ளே இறங்கினாள். நான் பத்து மணிக்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.'