ரேடியேற்றருக்குள் மஞ்சள்

மொந்தே பெல்லெக்ரினோ மலைச்சாலையின் மூன்றாவது வளைவிலேயே வெப்பமுள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. நிறுத்துங்கள் என்று கேசினி சொன்னாள். வழக்கறிஞர் லா மந்தியா நிறுத்தவில்லை. அறுபத்தேழாம் ஆண்டுச் சிவப்பு ஸ்பைடர். இரண்டே இருக்கை, மடிக்கும் கூரை. பலெர்மோ நகரத்தில் இந்த நிலையில் இன்னொன்று கிடையாது என்பது அவருடைய நம்பிக்கை. அப்படிப்பட்ட காரை வீட்டில் வேலை செய்பவளின் மகள் சொல்லி நிறுத்துவதா? இன்னும் இரண்டு வளைவு ஏறினார். பொனற்றின் விளிம்பெங்கும் ஆவி பீறிட்டு, முன்கண்ணாடி மறைந்த பிறகுதான் ஓரங்கட்டினார். கட்டிவிட்டுக் காரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

கேசினிக்கு நம்ப முடியவில்லை. ஒழுகிக்கொண்டிருந்த அந்த ரேடியேற்றரைக் கழற்றியவள் அவள்தான். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தன் வீட்டின் குளியல் தொட்டியில் அதை அமிழ்த்தி, வாய்களை அடைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்துக் குமிழி தேடியவளும் அவள்தான். கீழ்ப்பக்க மூலையில் ஊசிமுனை அளவு ஓட்டை. சுரண்டித் துப்புரவாக்கி ஈயப்பற்று வைத்தாள். மறுபடி அமிழ்த்தினாள். ஒரு குமிழிகூட வராத பிறகுதான் கொண்டுபோய்க் காரில் பூட்டினாள். புதிதாக ஒன்று வாங்கி மாட்டினால் அரை நாள் வேலை. ஆனால் வழக்கறிஞருக்குக் காரில் எல்லாம் பிறந்தபோது இருந்ததாகவே இருக்க வேண்டும். வியாழக்கிழமை வழக்கறிஞரின் கராஜுக்குள் நெடுநேரம் ஓடவிட்டுப் பார்த்தபோது முள் நடுவில் போய் நின்றது, நின்றது நின்றதுதான். ஞாயிற்றுக்கிழமை ஏன் இப்படிக் கொதிக்கிறது?

இந்தக் கார் மலை ஏறி இறங்க வேண்டும். ஏறினால் தன் மைத்துனர் சால்வோவிடம் அவளைப் பற்றிப் பேசுவதாக வழக்கறிஞர் சொல்லியிருந்தார். சால்வோ சியாகுல்லியில், மந்தரின் ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நடுவே, பழைய கார்களைத் திருத்தும் பட்டறை வைத்திருந்தார். அவருக்கு ஆள் தேவைப்பட்டது. இயந்திரப் பொறியியல் பட்டம் வாங்கிய நாளிலிருந்து கேசினி எழுதிப் போட்ட இடங்களில் பாதி பதில் போடவில்லை. மீதி அனுபவம் கேட்டது. ஓர் இடத்தில் நேர்முகத்துக்குப் போனவளை, துப்புரவு வேலைக்கு வருகிறவர்கள் பின்வாசலால் வரவேண்டும் என்று காவலாளி திருப்பிவிட்டான். அவள் பின்வாசலுக்கும் போகவில்லை, முன்வாசலுக்கும் போகவில்லை, வீட்டுக்குப் போனாள். அவளுடைய குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் அவள். மிதித்து என்ன கண்டோம் என்று அன்றைக்கு முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தாள்.

கார் ஆறும்வரை காத்திருந்து, துணியைப் போட்டு ரேடியேற்றர் மூடியைத் திறந்தாள். உள்ளே இருந்தது தண்ணீர் இல்லை. மஞ்சளாக, கலங்கலாக, ஓரத்தில் நுரை கட்டிக்கொண்டு ஏதோ நின்றது. மணம் மூக்கில் ஏறியதும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கெட்ட காலம், வழக்கறிஞருக்கும் மூக்கு இருந்தது.

“சூப் வைத்திருக்கிறாயா, இஞ்சென்யேரா?” என்றார். பெண் பொறியியலாளரே என்று அவளை அழைப்பது அவருக்கு ஒரு பகிடி. “இந்த மணம் எனக்குத் தெரியும். ரீத்தா தனக்குச் சமைத்தால் மாடிவரை வரும்.”

ரீத்தா என்பது அவளுடைய அம்மா. பரமேஸ்வரி என்ற பெயர் ஒன்பது வருடமாக அந்த வீட்டில் எவர் வாயிலும் நுழையவில்லை.

நான் போடவில்லை என்றாள் கேசினி. அப்படியானால் யார் என்று அவர் கேட்டார். கராஜ் பூட்டின் திறப்பு இரண்டு பேரிடம்தான் இருக்கிறது: ஒன்று தன்னிடம், மற்றது ரீத்தாவிடம். நாளை காலை தனக்குப் பதில் வேண்டும். அவள் போட்டிருந்தால் சால்வோவிடம் பேசும் கதையை மறந்துவிட வேண்டும். ரீத்தா போட்டிருந்தால் அந்தத் திறப்பு தனக்குத் திரும்பி வரவேண்டும். சொல்லிவிட்டு இழுவை வண்டியை அழைத்தார். அதில் ஓர் ஆளுக்குத்தான் இடம் இருந்தது. கேசினி மலையை நடந்தே இறங்கினாள்.

வீட்டில் அம்மா வழக்கறிஞரின் சட்டைகளை அழுத்திக்கொண்டிருந்தா.

“அந்தக் காருக்குள்ளை என்ன போட்டனீங்கள்?”

அம்மாவின் கையில் சூடான அழுத்தி நிற்கவில்லை. “ஏன் பிள்ளை, மலை ஏறினதோ?”

“கொதிச்சுப் போச்சு.”

“கொதிக்காதே. நான் கனக்கப் போடேல்லையே.”

கேட்டதும் கேசினி வெடித்தாள். அம்மா காலரை மடித்து, திருப்பி, மறுபக்கத்தையும் அழுத்தி முடித்த பிறகுதான் நடந்ததைச் சொன்னா. வெள்ளிக்கிழமை கராஜ் கூட்டப் போனபோது காருக்கடியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. துடைக்கும் முன்பே, அவ்வொக்காத்தோ என்று அவ சொல்லும் வழக்கறிஞர் கண்டுவிட்டார். இத்தனை வருடம் படித்த உன் மகளுக்கு ஒரு சொட்டுத் தண்ணீரை அடைக்கத் தெரியவில்லையா என்று கத்தினார். ஞாயிறன்றும் ஒழுகினால் அவள் இந்தப் பக்கமே வரவேண்டாம் என்றார். வன்னியில் ஆண்கள் இல்லாத காலத்தில் விவசாயச் சங்கத்தின் உழவு மெசினை ஓட்டியவ பரமேஸ்வரி. போர்க்காலம், பொருளாதாரத் தடை இருந்தது. ஒரு றப்பர்க் குழாய்கூட உள்ளே வராது. ரேடியேற்றர் ஒழுகினால் ஓட்டை அடைபட மஞ்சள்தூளைப் போட்டு ஓட்டுவார்கள். இரண்டு போகம் அப்படி உழுதிருக்கிறா. அதைத்தான் இங்கேயும் செய்தா.

“அது ஒழுக்கில்லை அம்மா. நான் கழுத்துமட்டும் நிரப்பினனான். சூடேறினா மிச்சத் தண்ணியை அதுவே குழாயாலை வெளியிலை தள்ளிப்போட்டு, தன்ரை மட்டத்திலை நிக்கும். அந்தக் காலத்துக் காரெல்லாம் அப்பிடித்தான்.”

“எனக்கென்ன தெரியும்?”

“கேட்டிருக்கலாம்தானே. கோயிலிலை, மாக்கெற்றிலை, பஸ்ஸிலை, காணுற சனத்துக்கெல்லாம் என்ரை மகள் எஞ்சினியர் எண்டு சொல்லுறியள். ஒரு கோப்பை தண்ணி கீழை கிடந்த உடனை நான் பிழை விட்டிட்டன் எண்டு நம்பீட்டியள்.”

அம்மா அழுத்தியை நிமிர்த்தி வைத்தா. “பிழை விட்டிருந்தாலும் ஒருத்தருக்கும் தெரியக்கூடாதெண்டுதான் போட்டனான்.”

கேசினி கைப்பையைக் கதிரையில் எறிந்துவிட்டு உட்கார்ந்தாள். மகள் அடங்கிவிட்டாள் என்று நினைத்து அம்மா மெதுவாக வழி சொன்னா: தான்தான் போட்டதாகக் கேசினி சொல்லிவிடலாம். இளம்பிள்ளை, தெரியாமல் செய்துவிட்டாள் என்று அவர் விட்டுவிடுவார். திறப்பு போனால் வேலை போகும், வேலை போனால் இங்கே வசிப்பதற்கான அனுமதியை, பெர்மெஸ்ஸோவை, புதுப்பிக்க முடியாது.

“நான் போட்டதெண்டு சொன்னா நான் படிச்சது போகும்,” என்றாள் கேசினி.

திங்கட்கிழமை, வழக்கறிஞரின் வீடு இருக்கும் லிபெர்த்தாவுக்கு ஒரே பஸ்ஸில் போனார்கள். அம்மா முன்னால் இருந்தா, மகள் பின்னால் நின்றாள். கராஜில் கார் மூக்கு உள்ளே இருக்க நின்றது. வழக்கறிஞர் காப்பிக் கோப்பையோடு இறங்கி வந்தார். என்ன சொல்வது என்று பஸ்ஸில் கேசினி பலவிதமாக அடுக்கிப் பார்த்திருந்தாள். மகளுக்குத் தோதான பொய் ஒன்று, அம்மாவுக்குத் தோதான பொய் ஒன்று, இருவருக்கும் தோதாக ஒன்றுமே இல்லை. அவருடைய முகத்தைக் கண்டதும் அடுக்கியதெல்லாம் சரிந்து, உள்ளதே வாயில் வந்தது.

“அம்மாதான் போட்டார். வெள்ளிக்கிழமை நீங்கள் தரையில் கண்டது கசிவு இல்லை, நிரம்பி வழிந்த தண்ணீர். காரை இத்தனை வருடம் வைத்திருக்கும் உங்களுக்கே அது தெரியவில்லை. தெரியாவிட்டால் திருத்தியவளிடம் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் தரை துடைப்பவரிடம் கத்தினீர்கள். அவர் பயந்து தனக்குத் தெரிந்ததைச் செய்தார். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.”

அம்மாவுக்கு இத்தாலியன் விளங்கும், வேண்டியதற்கு மேலாகவே. மகளின் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினா. கேசினி கையை இழுத்துக்கொண்டாள்.

வழக்கறிஞர் கோபப்பட்டிருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும். அவர் சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு காப்பி தளும்பும்படி. இந்தக் கதையை உடனே யாருக்காவது சொல்லியாக வேண்டும்போல அவருக்கு இருந்தது. அங்கேயே தொலைபேசியை எடுத்து மைத்துனரை அழைத்தார். குர்க்குமா, குர்க்குமா என்று மஞ்சளின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ரீத்தா, உழவு இயந்திரம், போர், எல்லாம் கதைக்குள் வந்தன. கேசினி ஸ்பனரைப் பிடித்தபடி நின்று, தன் வாழ்க்கை வேறொருவருடைய சாப்பாட்டு மேசைப் பகிடியாக மாறுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் அவர் சிரிப்பு நின்றது. புருவத்தை உயர்த்தித் தொலைபேசியை அவளிடம் நீட்டினார்.

மறுமுனையில் சிரிப்பில்லை, வணக்கமும் இல்லை. “அதை எப்படி எடுக்கப்போகிறாய்?” என்று மட்டும் கேட்டார் சால்வோ.

தண்ணீரை வடித்து, வெப்பவால்வைக் கழற்றிவிட்டு, கீழ்வாயிலிருந்து மேல்நோக்கித் தண்ணீர் அடித்துக் கழுவுவேன் என்றாள். பிறகு மெல்லிய எலுமிச்சை அமிலம். கடுமையான எதுவும் ஈயப்பற்றை அரித்துவிடும். வெறும் தூள்தானே, இறுகியிருக்காது, இரண்டு தரம் கழுவினால் வந்துவிடும். அவர் குறுக்கிடாமல் கேட்டார். செய், மலை ஏறினால் கூப்பிடு என்று சொல்லி வைத்துவிட்டார்.

வழக்கறிஞர் கோப்பையைப் பரமேஸ்வரியின் கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனார். திறப்பைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. இனி அதைப் பறித்தால் தன் நல்ல கதைக்கு முடிவு கெட்டுவிடும் என்று நினைத்திருக்கலாம்.

அம்மாவுக்கு உயிர் வந்தது. “என்ன கேட்டவர்?” என்றா.

மஞ்சளை எப்படி எடுப்பாய் என்று கேட்டதையும் தான் சொன்ன பதிலையும் கேசினி சொன்னாள். அம்மா கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றா.

“தூள் மட்டுமில்லைப் பிள்ளை.”

“வேறை?”

“முட்டை வெள்ளைக்கருவும் ஊத்தினனான். மஞ்சள் தனியப் பிடிக்காது.”

கேசினி ஸ்பனரைக் கீழே வைத்தாள். வெள்ளைக்கரு சூட்டில் அவிந்து, உள்ளே இருக்கும் மெல்லிய செப்புக் குழாய்களில் தோல்போல ஒட்டியிருக்கும். எத்தனை தரம் கழுவினாலும் போகாது. அவளிடம் கேள்வி கேட்ட ஒரே மனிதருக்கு அவள் பிழையான பதில் சொல்லி முடித்துவிட்டாள்.

“இதை ஏன் நேற்றுச் சொல்லேல்லை?”

“நீ மஞ்சளுக்குத்தான் கத்தினனி. வேறையென்ன போட்டனீங்கள் எண்டு ஒரு சொல்லுக் கேட்டனியோ?”

கேசினி ரேடியேற்றர் மூடியை மறுபடி திறந்து உள்ளே பார்த்தாள். பேசாமல் கழுவிப் பார், முட்டை கிடப்பது யாருக்குத் தெரியப்போகிறது என்று அம்மா தணிந்த குரலில் சொன்னா. அதுவும் ஒரு வழிதான். கழுவி, பூட்டி, ஏறுமோ ஏறாதோ என்று மலைக்குக் கொண்டுபோகலாம். அவள் படிகளில் ஏறிப் போய்க் கதவைத் தட்டினாள். பாதிச் சவரத்தில் நின்ற வழக்கறிஞரிடம் மறுபடி தொலைபேசி கேட்டாள்.

சால்வோவிடம், நான் சொன்னது பிழை என்றாள். உள்ளே முட்டை வெள்ளைக்கருவும் இருக்கிறது. கழுவிச் சரிவராது. ரேடியேற்றரைக் கழற்றி, மேல்தொட்டியின் பற்றை உருக்கித் திறந்து, ஒவ்வொரு குழாயாகக் கம்பி விட வேண்டும்.

சால்வோ ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எத்தனை முட்டை?”

அவளுக்குத் தெரியாது. படிக்கட்டுப் பக்கம் எட்டி, “அம்மா, எத்தனை முட்டை?” என்று தமிழில் கத்தினாள். அந்தக் கட்டடத்தில் அப்படி ஒருவரும் கத்தியதில்லை. மூண்டு என்று கீழேயிருந்து பதில் வந்தது.

“மூன்று.”

“கழற்றிக்கொண்டு இங்கே வா. அந்தக் கம்பிகள் உன்னிடம் இருக்காது. நீயே திற, நான் பார்க்கிறேன்.”

வேலை தருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. சியாகுல்லிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், மடியில் நனைந்த ரேடியேற்றரோடு. எவராவது கட்டாயம் முறைப்பார்கள். போன கிழமை இறுக்கிய அதே மரையாணிகளை மறுபடி கழற்றக் காருக்கடியில் புகுந்தாள். அம்மா கேட்காமலே வந்து, பாவாடையைச் சொருகிக்கொண்டு குந்தி, ரேடியேற்றர் விழாமல் அடியில் இரண்டு கையையும் கொடுத்தா.

கடைசி ஆணியைத் தளர்த்தும்போது கேசினி கேட்டாள்: “வேறையென்ன போட்டனீங்கள்?”

“வேறையொண்டும் இல்லை.” அம்மா யோசித்தா. “கொஞ்சம் மிளகு.”

“இடிச்சதோ, முழுசோ?”