பதினாறு பேருக்கு எட்டு அட்டை

தலைக்கு மேல் பாதி ஏறி, காதில் மாட்டிக்கொண்டு, அதற்கப்புறம் வரமாட்டேன் என்று நிற்கிறது நீலச் சட்டை, உள்ளே அவள் முகம், துணிக்குள் அடைபட்ட தன் மூச்சையே தான் இழுத்துக்கொண்டிருக்கிறாள், கோவில்பட்டி ரயில் நிலையத்துப் பெண்கள் காத்திருப்பு அறையின் கதவுக்கு வெளியே ஞானசிகாமணி சாரின் குரல், சீக்கிரம் குடும்மா, வண்டி வந்துட்டு, ரெண்டு நிமிசந்தான் நிக்கும் என்கிறது, செண்பகவல்லிக்கு அப்போது பதினேழு வயது, ஜூனியர் ஹாக்கி முகாமுக்கு மாவட்டத்திலிருந்து இரண்டு பிள்ளைகள், இரண்டு பேருக்கு இரண்டே சட்டை, அதில் ஒன்று அவளுக்கு என்று மைதானத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னவர் பயிற்சியாளரான சார்தான், சொன்ன நாளிலிருந்து ஒன்பது நாள் அதைப் போட்டுக்கொண்டே தூங்கினாள், பெட்டியோடு பிளாட்பாரத்தில் வந்து நின்ற பிறகு அவளை ஓரமாகக் கூப்பிட்டு, பெயர் மாறியிருக்கிறது, மில் மேனேஜரின் தங்கை மகள் போகிறாள், அடுத்த வருஷம் உனக்குத்தான், இப்போது அந்தச் சட்டையை மட்டும் கழற்றிக் கொடுத்துவிடு என்றார், அவள் ஏன் என்று கேட்கவில்லை, அழவில்லை, வீட்டுச் சட்டைக்கு மாறி, கழற்றியதை மடித்துக்கூடக் கொடுத்தாள், அது இன்னும் உடம்புச் சூட்டோடு இருந்தது, வாங்கிய பெண் அதை ஒருமுறை உதறிவிட்டு வண்டியில் ஏறினாள், சாரும் ஏறினார், வண்டி போனது, பிளாட்பாரம் அத்தனை நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த வருஷம் என்று ஒன்று வரவில்லை. அவளும் அதற்குப் பிறகு ஸ்டிக்கைத் தொடவில்லை.

இருபத்திரண்டு வருஷம் கழித்து, சிவகாசியில், தெய்வராஜ் அண்ணாச்சியின் அச்சகத்து மாடியில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவள் காலண்டருக்கும் பட்டாசுப் பெட்டிக்கும் படம் போட்டுக்கொண்டிருக்கிறாள், போட்ட படமெல்லாம் வெடித்துக் குப்பையாகப் போவதற்கென்றே போட்டது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள், ஒருநாள் அண்ணாச்சி மேலே வந்து, ஏம்மா செண்பகம், நீ அந்தக் காலத்துல ஹாக்கி ஆடுன பிள்ளதான என்று கேட்டார், கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய்க் கம்பெனி, அந்த வருஷம் மாநிலக் கோப்பையை ஜெயித்த மாவட்டப் பெண்கள் அணியின் படத்தை அட்டையாக அடித்துப் பாக்கெட்டுக்கு ஒன்றாகப் போட ஆசைப்படுகிறது, பிள்ளைகள் பதினாறு பேர், ஆனால் பதினாறு அட்டை சேர்ப்பதற்குள் வாங்குகிற பொடிசுகளுக்குச் சலித்துவிடும், எட்டுதான் கணக்கு, அதனால் அட்டைக்கு இரண்டு பேர், கல்யாண ஃபோட்டோ மாதிரி ரெண்டு பேரும் விறைச்சுக்கிட்டு நிக்கக் கூடாது, வேற என்ன பண்ணலாம்னு யோசிச்சு வை என்றார். அவள் யோசித்தாள், மூன்று நாள் சாப்பாட்டு நேரத்திலும் யோசித்தாள், சீட்டுக்கட்டு ராணி மாதிரி மேலே ஒருத்தி, தலைகீழாகத் திருப்பினால் இன்னொருத்தி, இடுப்பில் இருவரும் ஒன்றாகிவிடுவார்கள், இன்னொன்றில் கோல்கீப்பரின் பெரிய முகக்கவசம், அதன் பளபளப்புக்குள் பந்தை அடிக்கக் குனிந்திருக்கும் ஒருத்தி சின்னதாக, இன்னொன்றில் இருவரின் முதுகு மட்டும், முகம் அட்டையின் பின்பக்கத்தில், ஒரே வீட்டு அக்கா தங்கைக்கு ஒரு ஸ்டிக்கின் இரண்டு முனை, நான்கு அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒருத்தி தள்ளிய பந்து அடுத்த அட்டைக்குள் நுழைந்து கடைசியில் வலைக்குள் போய் விழ வேண்டும், தாளில் பென்சிலால் அவள் வரைந்த பெண்களின் முழங்கால் மடிப்பெல்லாம் அவளுடைய முழங்கால் மடிப்பு, வரையும்போது அவளுக்கு ஆடுவதுபோலவே மூச்சு வாங்கியது, இத்தனை வருஷம் இந்த ஆசை எங்கே கிடந்தது, சாகாமல் கிடந்திருக்கிறதே என்று தன்னையே திட்டிக்கொண்டாள், திட்டியதில் ஒரு சந்தோஷம் இருந்தது.

நாலாம் நாள் பெயர்ப் பட்டியல் வந்தது, பன்னிரண்டாவது பெயர் ஞா. பெனிட்டா, தடுப்பாட்டக்காரி, பதினைந்து வயது, அந்த ஞா என்ற ஒற்றை எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டாள், ஆமாம், கோச்சா இருந்தார்ல, ஞானசிகாமணி சார், அவரு மகதான், ரொம்பக் காலம் கழிச்சுப் பிறந்த பிள்ள, அவருக்கு இப்பக் கையும் காலும் இழுத்துக்கிட்டது பாவம் என்றார் அவர். மைதானத்தில் எடுத்த நானூறு படங்கள் வந்தன, அவள் பெனிட்டாவை மட்டும் தேடினாள், கண்ணில் வெயில் விழச் சிரிக்கிற பெனிட்டா, வாயைத் திறந்து யாரையோ கூப்பிடுகிற பெனிட்டா, பந்தின் மேல் நாய்க்குட்டி மாதிரி கவனம் வைத்திருக்கிற பெனிட்டா, முகம் பளிச்சென்று தெரிகிற படம் பதினொன்று இருந்தது, அவள் எண்ணினாள், எண்ணிவிட்டுப் பன்னிரண்டாவதாக ஒன்றை எடுத்தாள், அதில் அணியின் நட்சத்திரமான உச்சிமாகாளி பந்தை வாங்கித் திரும்புகிறாள், தூக்கிய முழங்கையும் ஸ்டிக்கும் பின்னால் நிற்கிறவளின் முகத்தைச் சரியாக மறைக்கின்றன, நெற்றி இல்லை, கண் இல்லை, வாய் இல்லை, ஒரு பின்னலும் ஒரு காதும் மட்டும், கீழே பொன் எழுத்தில் இரண்டு பெயர், உச்சிமாகாளி, பெனிட்டா, அதை அவள் மற்ற ஏழு அட்டைகளைவிட அழகாகச் செய்தாள், புழுதியைத் தங்கத் தூளாக மாற்றினாள், அந்த முழங்கையின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் நிழல் கூட்டி, மூக்கு நுனி தெரிந்ததையும் அழித்தாள். அண்ணாச்சி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, இந்தப் பிள்ள மூஞ்சி தெரியலையேம்மா என்றார், ஆக்‌ஷன் அண்ணாச்சி, ஒரு அட்டையில ரெண்டு பேருன்னா ஒருத்தி முன்ன, ஒருத்தி பின்னதான் என்றாள் செண்பகவல்லி, அவர் தலையாட்டினார், கம்பெனிக்காரரும் எட்டில் இதுதான் டாப்பு என்றார், கீழே இயந்திரம் ஓட ஆரம்பித்தபோது தரை அதிர்ந்தது, அந்த அதிர்வு உள்ளங்கால் வழியாக ஏற, அவள் கண்ணை மூடிக்கொண்டு அனுபவித்தாள்.

வெளியீட்டு விழாவுக்கு அவள் போனாள், யாரும் கூப்பிடவில்லை, போக வேண்டும் என்றுகூட அவள் நினைக்கவில்லை, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எங்கே போகிறோம் என்பது தெரிந்தது, மைதானத்தில் பந்தல், பதினாறு பிள்ளைகளும் வரிசையாக, ஆளுக்கு ஒரு கட்டு அட்டை, அவர்கள் கிழித்துப் பிரித்து ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, ஏ இது நானு, ஏ உன் பல்லப் பாரு என்று கூத்தடிக்க, ஒருத்தி மட்டும் தன் அட்டையை முன்னும் பின்னும் திருப்புகிறாள், வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கிறாள், விரல் நுனியால் உச்சிமாகாளியின் முழங்கையை மெல்லச் சுரண்டுகிறாள், சுரண்டினால் அடியில் ஏதாவது இருக்கும் என்பதுபோல, பக்கத்தில் நின்ற பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, ஏட்டி இவ காது மட்டுந்தான் ஆட வந்திருக்கு என்றாள், சிரிப்பு வரிசை முழுக்க ஓடியது, பெனிட்டாவும் சிரித்தாள், எல்லோரையும்விட அதிக நேரம் சிரித்தாள், செண்பகவல்லி பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிரிப்பு எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள், முடிந்த இடமும் தெரிந்தது, அவளுக்குத் தெரிந்த இடம்தான். அதன் பிறகு அந்தப் பிள்ளைக்குக் காது என்றே பெயர் ஆகிவிட்டது, காது பந்த விடாத, காது பின்னால வா, மிட்டாய் வாங்குகிற பொடியன்கள்கூட வேலிக்கு வெளியே நின்று காதைத் தொட்டுக் காட்டினார்கள், இதெல்லாம் அட்டைக் கட்டு ஏற்ற வந்த கம்பெனி டிரைவர் சிரித்துக்கொண்டே சொன்னது, கேட்டுவிட்டு அவள் கூடுதலாக ஒரு வாய்ச் சோறு சாப்பிட்டாள்.

ஒரு சனிக்கிழமை முற்பகல் பெனிட்டாவே வந்தாள், பள்ளிச் சீருடையில், பஸ் புழுதியோடு, செருப்பை மாடிப்படிக்குக் கீழேயே கழற்றிவிட்டு வந்திருந்தாள், செண்பகவல்லி அக்கா நீங்களா என்று கேட்டாள், உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தாள் செண்பகவல்லி, அந்தப் பிள்ளை ஊதி ஊதிக் குடித்தது, பிறகு டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசியது, அக்கா, எம் படம் வேற ஏதாவது உங்ககிட்ட இருக்கா, ஒரே ஒரு அட்டை போதும், மூஞ்சி தெரியுற மாதிரி, பாக்கெட்டுக்கெல்லாம் வேண்டாம், அப்பாவுக்கு மட்டும், கட்டில்லயே கெடக்காங்க, அட்டையில வாரேன்னு சொல்லி வச்சிருந்தேன், இன்னும் வரல, இன்னும் வரலன்னு ஏமாத்திக்கிட்டு இருக்கேன். பதினொரு படமும் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தன, பட்டாசுப் பெட்டிப் படத்துக்குப் பின்னால் ஒரு சொடுக்குத் தூரத்தில், மாதிரி அச்சடிக்கிற சின்ன இயந்திரம் இரண்டு எட்டில், வெட்டிக் கொடுக்க ஐந்து நிமிஷம், செண்பகவல்லியின் கை மவுஸின் மேல் போய் உட்கார்ந்ததுகூட உண்மை, அப்போது அந்தப் பிள்ளை நிமிர்ந்து, அப்பாட்ட அட்டைக்குப் படம் போடுறது யாருன்னு, கம்பெனில கேட்ட பேரச் சொன்னேன், உடனே போய்க் கேளுன்னாங்க, செண்பகம் இல்லன்னு சொல்ல மாட்டா, அவ தங்கமான பிள்ள, ஒருதரம் ரயில் ஏறப் போற நேரத்துல சட்டையக் கழத்திக் குடுன்னேன், மறுபேச்சுப் பேசாம மடிச்சுக் குடுத்துட்டுப் போனா, நீயும் அப்படி இருக்கணும்னு சின்னதுல இருந்து சொல்லுவாங்க அக்கா என்றாள். கை மவுஸை விட்டு இறங்கியது. அச்சுப் பிளேட்டெல்லாம் அழிச்சாச்சும்மா, படமும் அதோட போயிட்டு என்றாள் செண்பகவல்லி, அவள் குரல் அவளுக்கே இதமாகக் கேட்டது. பிள்ளை மறுபேச்சுப் பேசவில்லை, டம்ளரைக் கழுவி வைக்கவா அக்கா என்று கேட்டது, வேண்டாம் என்றதும் போய்வருகிறேன் என்று சொல்லிப் படியிறங்கியது, கீழே செருப்பை மாட்டும் சத்தம், பிறகு இயந்திரச் சத்தம்.

மாதம் இரண்டு போயிருக்கும், டீ நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது, எடுத்தால் யாரோ வாய்க்குள் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசுவதுபோல ஒரு குரல், செண்பகமா, நான் சாரு பேசுதேன் என்றது, ஒரு பக்கம் இழுத்துப்போன வாயில் ஒவ்வொரு சொல்லாக உருட்டி, பாப்பாவுக்கு டீ வாங்கிக் கொடுத்ததைச் சொன்னார், பிளேட்டு போனால் நீ என்ன செய்வாய் என்றார், நல்லா இருக்கியா, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார், கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்பதைச் சொல்லாமல், அவள் இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்ததை அவரிடமே கேட்டாள், சார், அன்னைக்கு ஏன் சார் என்னைய வண்டியில ஏத்தல. அவர் யோசிக்கிறார், நிஜமாகவே யோசிக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது, பிறகு, நீயாத்தானம்மா விட்டுக்குடுத்த என்றார், அந்த மேனேஜர் வீட்டுப் பிள்ள அழுதா, நீ சட்டையக் கழத்திக் குடுத்த, நான் எத்தன பேர்ட்டச் சொல்லியிருக்கேன் தெரியுமா என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய பிளாட்பாரத்தில் அப்படித்தான் நடந்திருக்கிறது, அங்கே ஒரு செண்பகம் சிரித்த முகத்தோடு நின்று கையாட்டிக்கொண்டிருக்கிறாள், இருபத்திரண்டு வருஷமாக அவளை எல்லோருக்கும் காட்டியிருக்கிறார், அவளிடம் போய் யார் என்ன கேட்க முடியும், ஆமா சார் என்றாள் செண்பகவல்லி. பாப்பாவும் உன்ன மாதிரிதான் என்றது அந்தக் குரல், இப்போது அதில் பெருமை குழைந்தது, போன மாசத்தோட ஆட்டத்த விட்டுட்டா, ஏன்டின்னு கேட்டா, யாரோ ஒரு ஏழப் பிள்ளைக்கு எடம் வேணுமாம்பா, நான் விட்டுக்குடுத்துட்டேன்னு சொல்லுதா. பக்கத்தில் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது, அப்பா போதும், குடுங்க என்று அந்தப் பிள்ளையின் குரல், போன் வைக்கப்பட்டது.

அவள் அந்தப் பதினொரு படங்களையும் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுநாளும் திறந்தாள், ஒன்றைத் தேர்ந்தெடுத்து அட்டை அளவுக்கு வெட்டிக்கூட வைத்தாள், யாருக்கு அனுப்புவது, இப்போது அனுப்பினால் இத்தனை நாள் எங்கே இருந்தது என்று அந்தப் பிள்ளை கேட்காமலே தெரிந்துகொள்ளும், அந்தத் தெரிதலை நினைத்துத்தான் அவள் அனுப்பவில்லை, பிள்ளைக்காக இல்லை. பொங்கலுக்கு முந்தின வாரம் அண்ணாச்சி மேலே வந்தார், மிட்டாய் அமோகமாக ஓடுகிறதாம், அதே எட்டு அட்டையை மறுபடி அடிக்கச் சொல்கிறார்களாம், ஒரே ஒரு திருத்தம், அந்த உச்சிமாகாளி அட்டையில பின்ன நிக்கிற பிள்ள இப்ப டீம்ல இல்லையாம், அதுக்குப் பதிலா வைரமணின்னு ஒரு பிள்ள வந்திருக்காம், படம் எதுவும் எடுக்க வேண்டாம்மா, மூஞ்சிதான் தெரியலையே, பேர மட்டும் மாத்திரு என்றார். செண்பகவல்லி கோப்பைத் திறந்தாள், பொன் எழுத்தில் இருந்த பெனிட்டாவைத் தேர்ந்தெடுத்து அழித்தாள், அந்த இடத்தில் வைரமணி என்று அடித்தாள், இதற்கும் நாலு எழுத்து, அதற்கும் நாலு எழுத்து, அளவைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை, அப்படியே பொருந்தி உட்கார்ந்தது.